நிலாத் தளத்துப் பொம்மைகள்

அண்ணி அழைத்தபோது நான் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இடைவேளையில் இருந்தேன். பிற்பகல் ஷிப்ட். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு வாய்கூட வைத்திருக்கவில்லை.

“தம்பி, இண்டைக்கும் மூண்டு பார்சல் வந்திருக்கு.”

“என்ன பார்சல் அண்ணி?”

“வேறென்ன, உந்தப் பொம்மைச் சாமான்தான். இங்கிலாந்திலயிருந்து வருது. ஒண்டுக்குள்ள பிளாஸ்ரிக் ரொக்கற், மற்றதுக்குள்ள ஒரு பழைய சித்திரப் புத்தகம். மூண்டாவதை என்னைத் திறக்கவே விடேல்லை. பேஸ்மன்ட்டில கால் வைக்க இடமில்லை. நீங்கள் ஒருக்கா சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

நான் சொன்னால் அண்ணா கேட்பார் என்பதற்கு நாற்பது வருடத்தில் ஒரு சாட்சியும் இல்லை. ஆனாலும் “சரி அண்ணி, சொல்லுறன்” என்றேன். அப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்வதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய தெம்பு இல்லை.

அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்தி எட்டு மாதமாகியிருந்தது. நீண்டகால இரத்த அழுத்தம், அதைவிட நீண்டகால அலட்சியம். ஒரு அலுவலகத்தில் கணினி வலையமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மருத்துவ விடுப்பில் வீட்டிலிருந்தார். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் ஸ்கார்பரோவில் ஒரு மையத்தில் டயலிசிஸ். அண்ணிக்குக் காலையில் வேலை. மகள் தூரத்து நகரமொன்றில் பல்கலைக்கழகத்தில். ஆகவே அழைத்துப்போய்க் கூட்டிவருகிற பொறுப்பு என்னுடையதாயிற்று. நான் இருக்கும் மல்வேர்னிலிருந்து ஐந்தரைக்குப் புறப்பட்டு, அண்ணா இருக்கும் ஸ்ரௌவ்வில் நகருக்குப் போய் அவரை ஏற்றி, திரும்பவும் ஸ்கார்பரோ வந்து இறக்கி, நான்கு மணித்தியாலம் காத்திருந்து, மறுபடி ஸ்ரௌவ்வில், அங்கிருந்து நேரே மிசிசாகா, வேலை. வீட்டுக்கு வந்து படுத்தால் கண் மூடியதும் அலாரம் அடிப்பது போலிருக்கும்.

களைப்பு மட்டுமென்றால் சமாளித்திருப்பேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஒருவரும் அதைப்பற்றி என்னிடம் கேட்கவில்லை. அண்ணா மகளின் சிறுநீரகத்தை வாங்கவே மாட்டேன் என்று மருத்துவரிடம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அண்ணிக்கு ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது, அவரால் முடியாது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மிச்சமிருந்தது நான். கொண்டாட்டங்களில் சொந்தக்காரர் அண்ணாவின் சுகத்தை என்னிடம் விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டு ஒரு கணம் என் இடுப்பைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றும். அப்படி அவர்கள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அந்தப் பொம்மைகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அம்மா, அண்ணா, நான். அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. அப்பா வழியில் ஏதோவொரு நாட்டில் மாட்டிக்கொண்டார். எந்த நாடு என்பது அம்மாவுக்கே சில மாதங்கள் தெரியாமலிருந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு அறை வீடு. அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவார், சனிக்கிழமை காலையிலும். எங்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, யார் தட்டினாலும் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் தொலைக்காட்சியும்தான். யாரோ கீழே குப்பையோடு வைத்துவிட்டுப் போன தொலைக்காட்சி அது. அன்ரெனாவில் அலுமினியத் தாள் சுற்றியிருந்தோம். ஆட்களின் முகமெல்லாம் ஓரளவு பச்சையாக இருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஒரு தொடர் போகும். பிரித்தானியாவில் அறுபதுகளில் எடுத்தது என்பதெல்லாம் பின்னாளில் அறிந்துகொண்டது. நிலாவில் ஒரு தளம். அங்கே சீருடை போட்ட பொம்மைகள். தலை பெரிது, உடம்பு சிறிது. பேசும்போது கீழுதடு மட்டும் டக் டக்கென்று அடிக்கும், கண்கள் பக்கவாட்டில் உருளும். அவற்றால் ஒழுங்காக நடக்க முடியாது. அதனால் எந்நேரமும் எதிலாவது ஏறி உட்கார்ந்திருக்கும். கதிரை நகரும், தரை நகரும், சுவர் திறக்கும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் திடீரென்று உண்மையான மனிதக் கை ஒன்று திரை நிறைய வரும். ஒவ்வொரு கிழமையும் ஏதாவது வெடிக்கும். பருத்த வயிறுள்ள ஒரு மண்நிற விண்கலம் புறப்பட்டுப் போய், வயிற்றைத் திறந்து, சங்கிலிச் சில்லு வண்டியொன்றைக் கீழே இறக்கி எல்லாரையும் காப்பாற்றும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அண்ணா பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். குரலை மாற்றி மாற்றிச் சொல்வார். கட்டளைத் தளபதிக்குத் தடித்த குரல், தொலைத்தொடர்புப் பெண்ணுக்கு மூக்கால் வரும் கீச்சுக் குரல். கதை இதுதான்: தளபதியின் அப்பாவை எதிரிகள் பிடித்து நிலாவுக்கு அடியில் எங்கோ வைத்திருக்கிறார்கள். அவரைத் தேடித்தான் ஒவ்வொரு கிழமையும் கலம் போகிறது. போகிற வழியில் வேறு ஆட்கள் ஆபத்தில் இருந்தால் அவர்களையும் காப்பாற்றவேண்டியிருக்கிறது, அதனால்தான் சுணங்குகிறது. இடைக்கிடை வெள்ளைத் தாடி வைத்த ஒரு பொம்மை வரும். அதுதான் அப்பா. “பார், உயிரோடதான் இருக்கிறார்” என்பார் அண்ணா. நான் மூச்சு விடாமல் பார்ப்பேன்.

அண்ணியிடம் வாக்குக் கொடுத்த அதே கிழமை, வியாழக்கிழமை, டயலிசிஸ் மையத்தில் பேச்சை எடுத்தேன். அண்ணா சாய்வு நாற்காலியில் போர்வையோடு கிடந்தார். இடது கையில் இரண்டு ஊசிகள். பக்கத்தில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே எப்போதும் குளிர். நான் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பேன்.

“அண்ணி கவலைப்படுறா.”

“எதுக்கு?”

“பார்சலுக்கு.”

அவர் சிரித்தார். “அவ கவலைப்பட வேற கனக்க விசயம் இருக்கு. இதில ஒண்டை எடுத்திருக்கிறா, நல்லதுதானே.”

“உதுகளை என்ன செய்யப் போறீங்கள்? விளையாடவா போறீங்கள்?”

வலது கையால் ராப்லெட் கணினியை எடுத்து என் பக்கம் நீட்டினார். “உதைப் போடு. புதுசாத் துப்புரவாக்கி விட்டிருக்கிறாங்கள். நல்ல தெளிவு.”

போட்டேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தத் தொடக்க இசை. எனக்கு ஏதோ செய்யும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. படம் மிகவும் மெதுவாகப் போயிற்று. ஒரு கதவு திறந்து முடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது! தலையிலிருந்து மேலே போகும் நூல்கள் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் பச்சைத் தொலைக்காட்சியில் ஒருநாளும் நூலைக் கண்டதில்லை.

பத்து நிமிடத்தில் எனக்கு வேறொன்று உறைத்தது. நிலாவில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒன்று சிக்கிக்கொள்கிறது, உள்ளே மூன்று பேர், காற்று முடிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. வெள்ளைத் தாடிக்காரர் அந்த இயந்திரத்தை வடிவமைத்த பொறியியலாளர். தளபதியோடு ஒரே அறையில் நின்று பிராணவாயுவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். எதிரியென்று ஒருவரும் இல்லை.

“அண்ணா, இவர் அப்பா இல்லையே.”

“இல்லை.”

“வேற எபிசோட்டில வருவாரோ?”

“ஒண்டிலயும் வரமாட்டார். நான் எல்லாம் பாத்திட்டன். அந்தத் தளபதிக்கு அப்பா எண்டு ஒரு ஆளே கிடையாது.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு மட்டும் அப்ப இங்கிலிஷ் தெரியுமே? உன்னோடதானே பிளேனில வந்து இறங்கினனான். அதுகளின்ர வாய் அடிக்கிறதைப் பாத்துப்போட்டு வாயில வந்ததைச் சொன்னனான்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

“ஏன் அப்பாவைத் தேடுற கதை?”

“நீ ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாய், அப்பா எங்கை, அப்பா எப்ப வருவார் எண்டு. அம்மாட்டக் கேட்டா அவ அழுவா. நான் என்ன சொல்லுறது? சனிக்கிழமை காலமை அரை மணித்தியாலம் நீ கேக்காமல் இருந்தனி.”

தாதி வந்து இயந்திரத்தில் ஏதோ எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். நான் படத்தை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் பார்த்தபோது அண்ணாவின் குரல்கள் திரும்பவும் அதற்குள் வந்தன. தாடிக்காரர் மறுபடி அப்பாவானார். பார்சல் விஷயம் அன்று அதோடு நின்றுபோயிற்று.

அடுத்த மாதம் அண்ணா ஒன்று கேட்டார். மிசிசாகாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பழைய தொலைக்காட்சித் தொடர்களின் சாமான்கள் விற்கும் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை. கூட்டிப்போக முடியுமா? எனக்குக் கிழமையில் ஒரேயொரு விடுமுறை, ஞாயிறு. அந்த ஒரு நாளும் வேலைக்குப் போகிற அதே ஹைவேயில் அதே பக்கம் போவதா என்று மனதுக்குள் எரிச்சல் வந்தது. “சரி” என்றேன்.

மண்டபம் நிறைய அறுபது தாண்டிய வெள்ளைக்காரர்கள். சிலருக்கு முழங்கால் சரியில்லை, மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். மனைவிமார் சுவரோரக் கதிரைகளில் கோப்பிக் குவளைகளோடு காத்திருந்தார்கள். மேசைகளில் வார்ப்பு உலோக விண்கலங்கள், தகரச் சாப்பாட்டுப் பெட்டிகள், துண்டு பொருத்தும் படப் புதிர்கள், பபிள்கம்மோடு வந்த அட்டைகள், ஒரு மேசையில் கண் உருளும் பொம்மைத் தலை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்ரிக் உறை. எங்கள் இருவரையும் தவிர அங்கே மண்நிறத் தோலுள்ளவர் ஒருவருமில்லை. ஆனால் அண்ணா மேசைக்கு மேசை போய்ப் பேசினார். எந்த வருடத்து அச்சு, எந்தச் சில்லு மாற்றியது, எந்தப் பெட்டி போலி. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் இப்படிப் பேசுவதை நான் ஒரு வருடமாகக் கேட்டதில்லை.

மண்டபத்தின் கடைசியில் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து வந்த ஒரு முதியவரின் மேசை. அவர் பேச்சை விளங்கிக்கொள்ள எனக்குச் சிரமமாக இருந்தது. அங்கே அண்ணா நின்றுவிட்டார்.

“உதைப் பார்.”

பருத்த வயிறுள்ள மண்நிற விண்கலம். கையளவு. பெட்டியோடு.

எங்களிடம் ஒன்று இருந்தது. ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அம்மா வாங்கிவந்தது. பெட்டியில்லை, ஒரு சில்லில்லை, வயிற்றுக் கதவு பாதி திறந்து இறுகிப்போயிருந்தது. அது எதிலிருந்து வந்தது என்பது அம்மாவுக்குத் தெரியாது, ஏதோ வண்டி என்றுதான் எடுத்தார். நாங்கள் கண்டதும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அந்தக் கலத்தோடுதான் நான் படுப்பேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பா வந்தார். விமான நிலையத்தில் ஒரு மெலிந்த மனிதர் என்னைத் தூக்க வந்தபோது நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவருக்குத் தாடி இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கலத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, “இது வந்தோ உங்களை ஏத்தினது?” என்று கேட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் பிளேனில வந்தனான் மகன்” என்றார். அண்ணா எனக்குக் கண்ணால் ஏதோ காட்டினார். எனக்கு அதுவும் கோபமாயிற்று. எல்லாரும் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. கலத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, மாடி நடைபாதையில் இருந்த குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே போட்டேன். ஒன்பது மாடியும் அடிபட்டு அடிபட்டு அது கீழே போகும் சத்தம் கேட்டது. அண்ணா படிகளால் ஓடினார். குப்பை அறைக்குள் புகுந்து தேடிக்கொண்டிருந்தவரைக் கட்டடப் பராமரிப்பாளர் பிடித்துக் காதைத் திருகி மேலே கொண்டுவந்து விட்டார். உடம்பெல்லாம் நாற்றம். கிடைக்கவில்லை. அவர் என்னை ஏசவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு நாங்கள் அந்தத் தொடரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மண்டபத்தில் அண்ணா அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே நின்றவர், மேசை விளிம்பைப் பிடித்தார். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்தது போலாகியிருந்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. முந்தின நாள்தான் டயலிசிஸ், காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவுமில்லை. நான் பதறிப்போய் அவரைத் தாங்கினேன். அந்த முதியவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். இருவருமாக அண்ணாவை அதில் இருத்தினோம். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸை அழைக்கட்டுமா என்று கேட்டார்கள். அண்ணா வேண்டாமென்று தலையாட்டினார். அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் அளவுண்டு, இரண்டு மிடறோடு நிறுத்தினார்.

சற்று நிறம் திரும்பியதும் முதியவர் ஒரு காரியம் செய்தார். பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, கலத்தை எடுத்து அண்ணாவின் கையில் வைத்தார். பக்கத்து மேசைக்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். அப்படித் திறந்தால் அதன் மதிப்பே போய்விடும் என்பதை நானும் அதற்குள் விளங்கிக்கொண்டிருந்தேன். தன் வீட்டில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிதான் இருந்ததென்றும், கடையில் இந்தப் பொம்மையைக் காணும்வரை கலம் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்ததாகவும் அந்த முதியவர் சொன்னார். எங்களுடையது பச்சையாக இருந்தது என்றார் அண்ணா. இருவரும் சிரித்தார்கள்.

அண்ணா வயிற்றுக் கதவைத் திறந்தார், மூடினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் வைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வாங்கேல்லையோ? நான் வாங்கித் தாறன்” என்றேன்.

“வேண்டாம்டா. இதைக் கொண்டுபோய் தட்டில வைப்பன். ஒரு கிழமைக்குப் பிறகு இருக்கெண்டதே மறந்துபோம். எல்லாம் அப்பிடித்தான். பார்சல் வரும்வரைக்கும்தான். வருது வருது எண்டு பாத்துக்கொண்டிருக்க ஏதாவது வேணுமல்லோ.”

காரில் வீடு திரும்பினோம். ஹைவேயில் வழக்கமான நெரிசல். ஊர்ந்துகொண்டிருந்தோம்.

“நீ ஒண்டும் யோசிக்காதை” என்றார் திடீரென்று.

“எதைப்பற்றி?”

“உனக்குத் தெரியும் எதைப்பற்றி எண்டு. நான் உன்னட்டக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். உனக்கும் குடும்பம் இருக்கு, பாரம் தூக்கிற வேலை. உன்ர முகத்தைப் பாக்கத் தெரியுது, அதைத்தான் போட்டு மனசுக்குள்ள உருட்டிக்கொண்டிருக்கிறாய்.”

நான் முன்னாலிருந்த லொறியின் பிரேக் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது நிம்மதி. அப்படியொரு நிம்மதி வந்ததே என்ற வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டையும் அவருக்குக் காட்டக்கூடாது என்று “இந்த லேன் அசையவே மாட்டனெண்டுது” என்றேன்.

மூன்று நாள் கழித்து, என் சிறுநீரகம் பொருந்துமா என்று கேட்க, உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு நானே அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பதினான்கு வயதில் ஒருவர் குப்பைக்குள் இறங்கித் தேடினார், அந்தக் காட்சி அந்த மூன்று நாளும் கண்ணைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். மனைவியிடம் சொன்னேன். அவள் சலவைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்” என்றாள். “ஆனா உங்களைப் பாருங்கோ. ஒழுங்கா நித்திரை கொண்டு எத்தினை மாசம்? உங்களிட்ட என்ன மிச்சமிருக்கு எண்டு குடுக்கப் போறீங்கள்?”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். இன்னொரு நாள் வரச்சொல்லித் திரும்பவும் எடுத்தார்கள். பிறகு ஒருங்கிணைப்பாளர் பெண் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மென்மையாகப் பேசினார். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, கொஞ்சக் காலமாகவே இருந்திருக்கவேண்டும், என்னால் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், உடனே என் குடும்ப மருத்துவரைப் பார்க்கவேண்டும். சிறுநீரில் புரதமும் கசிகிறதாம். இப்போதே கட்டுப்படுத்தாவிட்டால் எனக்கும் அண்ணாவின் வழிதான்.

சரக்குக் கிடங்கின் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து இதைக் கேட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன். அன்று எத்தனை பலகைத் தட்டுகளை ஏற்றினேன் இறக்கினேன் என்று தெரியாது. வாய் காய்வதையும் அடிக்கடி சிறுநீர் போவதையும் ஓயாத களைப்பையும் அலைச்சலால் வந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை அண்ணாவை ஏற்றியதும் சொன்னேன். வீட்டு வாசலிலிருந்து காரை எடுக்குமுன்பே சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகியது.

“உன்னை ஆர் போகச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நான் வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ? சொன்னாக் கேக்கமாட்டியோ?”

“நான் போகாட்டி இது தெரிஞ்சிராது அண்ணா. பிறகு உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில வந்து படுத்திருப்பன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காரை எடுத்தேன். புதிதாகக் கட்டிய வீடுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எல்லாம் ஒரே மாதிரி. வெகுநேரத்துக்குப் பிறகு தோள் குலுங்குவதைக் கண்டு அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர்தான், ஆனால் சிரிப்பு.

“அம்மா இருந்திருந்தா எங்கள் ரெண்டு பேரையும் கொன்றிருப்பா” என்றார்.

அண்ணிக்கு அன்று பிற்பகல் அவரே சொல்லியிருக்கிறார். அண்ணி எனக்கு அழைத்தார். “தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “மருந்தை ஒழுங்காப் போடுங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பங்குனியில் அண்ணாவின் சிகிச்சை முறையை மாற்றினார்கள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே, திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் முறை. அவருக்கு அது சரிவரும் என்று மருத்துவர் சொன்னார். அண்ணியும் அவரும் சேர்ந்து பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள். மாதாமாதம் திரவப் பைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், அவற்றைக் காய்ந்த இடத்தில் அடுக்கவேண்டும். பேஸ்மன்ட்டைத் தவிர வேறு இடமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணாவுமாக அங்கே பொம்மைத் தட்டுகளைக் காலியாக்கினோம். அவர் பாரம் தூக்கக்கூடாது, ஆகவே கதிரையிலிருந்து கை காட்டினார், நான் எடுத்தேன். பாதிக்கு மேல் பிரிக்கவே படாத பார்சல்கள். இணையத்தில் பழகிய சேகரிப்பாளர்களுக்குப் பலவற்றை அனுப்பிவிடலாம் என்றார். அண்ணி மேலேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார், மூன்று பேருக்கும் சீனி இல்லாமல். ஒரு பொம்மையைக் கையிலெடுத்து அதன் கீழுதட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். இவ்வளவு நாளும் இந்தச் சாமான்களை ஏசிக்கொண்டிருந்தவர், “இது வடிவாயிருக்கு, இது இருக்கட்டும்” என்றார். அண்ணா மூக்கால் ஒரு கீச்சுக் குரலில் அந்தப் பொம்மைக்காக நன்றி சொன்னார். அண்ணி பயந்துபோய்ப் பொம்மையைக் கீழே போட்டுவிட்டார்.

அண்ணாவின் பெயர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு காலமென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கைபேசி அடித்தால் எந்த நேரமும் எடுக்கவேண்டும். நான் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறேன், சோற்றை அளந்து சாப்பிடுகிறேன், வேலையில் காலை ஷிப்ட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன்.

டயலிசிஸுக்கு ஓடவேண்டியிராத முதல் செவ்வாய்க்கிழமை, பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். எழுந்து உடுத்து, கார்ச் சாவியையும் கையிலெடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் போக இடமில்லை என்பது ஞாபகம் வந்தது. ஜாக்கெட்டோடு சோபாவில் உட்கார்ந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்காரலாம் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. கழற்றவில்லை. மனைவி வந்து தட்டி எழுப்பியபோது வெளியே நல்ல வெயில். பள்ளிக்கூடப் பேருந்துகளெல்லாம் போய் முடிந்திருந்தன. வேலைக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

“சுகமில்லையோ?” என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“சுகம்தான்” என்றேன். “இன்னும் கொஞ்சம் படுக்கிறன்.”

அவள் குனிந்து என் சப்பாத்து நாடாக்களை அவிழ்த்தாள்.